படிவத்தில் இல்லாத கட்டம்

பம்பாயில் 1952-ல் டாக்டர் ஒய்.எம். பெண்டேயும் அவரது சகாக்களும் ஒரு விநோதமான ரத்தத்தை எதிர்கொண்டார்கள். வழக்கமான பரிசோதனையில் அது 'ஓ' பிரிவு என்றே தெரிந்தது. ஆனால் 'ஓ' பிரிவு ரத்தத்தோடு அது சேர மறுத்தது. 'ஏ', 'பி', 'ஏபி' ஆகியவற்றோடும் சேரவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் இருந்ததோ நான்கே கட்டங்கள். அந்த ரத்தம் நான்கிலும் அடங்கவில்லை. அந்த ஆண்டே 'லான்செட்' மருத்துவ இதழில் செய்தி வெளியானது. இன்று உலகம் முழுவதும் அதற்கு 'பாம்பே பிளட் குரூப்' என்றே பெயர்.

விஷயம் இவ்வளவுதான். 'ஓ' பிரிவினரின் சிவப்பணுக்களில் 'எச்' என்ற ஒரு பொருள் இருக்கும். பாம்பே பிரிவினருக்கு அது கிடையாது. மேலோட்டமாகச் சோதித்தால் இருவரும் ஒன்றுபோலவே தெரிவார்கள். இந்தியாவில் சுமார் பத்தாயிரம் பேரில் ஒருவர் இப்படி இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவருக்கு 'ஓ' ரத்தத்தை ஏற்றினால் உடல் அதை எதிரியாகக் கருதிப் போரிடும். உயிரே போகலாம்.

அந்த ரத்தம் 1952-ல் புதிதாகப் பிறந்ததல்ல. தலைமுறை தலைமுறையாக யாருடைய உடலிலோ அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெயர்தான் அப்போது கிடைத்தது. குறை நோயாளியிடம் இல்லை, படிவத்தில். இதைப் புரிந்துகொள்ள எந்த மருத்துவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. "பரிசோதனையில் ஓ என்று வந்துவிட்டது, அதனால் நீ ஓதான்" என்று எவரும் அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் பிணம் விழுந்திருக்கும்.

ரத்தத்துக்குக் காட்டிய இந்தப் பொறுமை, பால் அடையாளம் என்று வந்தவுடன் காணாமல் போய்விடுகிறது. குழந்தை பிறந்ததும் மருத்துவச்சி பார்த்துச் சொல்வது ஒரு மேலோட்டமான பரிசோதனை. பெரும்பாலானோருக்கு அது சரியாகவே இருக்கும். சிலருக்கு இருக்காது. ஆண் என்று எழுதப்பட்ட பிள்ளை, தான் பெண் என்று உணரலாம். பெண் என்று எழுதப்பட்டவர் ஆண் என்று உணரலாம். இரண்டுமே தனக்குப் பொருந்தவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உடலமைப்பே இரண்டு கட்டத்துக்கும் இடையில் அமைந்து பிறக்கும் குழந்தைகளின் கதை வேறு. இவர்கள் யாரும் நேற்று முளைத்தவர்கள் அல்ல.

'அதை எப்படி அவர் சொன்னதும் நம்புவது?' என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கலாம். வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளர் தேர்வு எதுவும் வைப்பதில்லை. 'எங்கே, ஒரு பாட்டுப் பாடு' என்பதில்லை. பதிலளிப்பவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருக்கு உத்தரவு. 2011-ல் இப்படி எழுதிக்கொண்டதில் 19,500-க்கும் மேற்பட்ட தாய்மொழிப் பெயர்கள் சேர்ந்தன. அதிகாரிகள் பிறகு அவற்றைச் சலித்து 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். போஜ்புரியை இந்தியின் கீழ் சேர்த்தது ஏன் என்று அந்த மொழிக்காரர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள். தன் மொழியை இன்னொன்றின் அறைக்குள் தள்ளினால் மனிதனுக்கு வலிக்கும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். சென்னையில் பிறந்து வளர்ந்த ஒருவர் தன் தாய்மொழி சௌராஷ்டிரம் என்றால், 'பார்த்தால் தெரியவில்லையே' என்று எவரும் வாதாடுவதில்லை.

அதே 2011 கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் தவிர 'மற்றவர்' என்ற மூன்றாவது குறியீடு முதல்முறையாக வந்தது. அதில் பதிவானவர்கள் 4,87,803 பேர். உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பதே விஷயம் தெரிந்த பலரின் கருத்து. காரணம் எளிது. கதவைத் திறந்து பதில் சொல்வது பெரும்பாலும் குடும்பத் தலைவர். மகனாகக் கருதும் பிள்ளையைப் பற்றி அவர் வேறு எதைச் சொல்லிவிடப் போகிறார்?

அடுத்த சிக்கல் எப்படிக் கூப்பிடுவது என்பது. இது இங்கிலீஷ்காரன் இறக்குமதி செய்த தலைவலி என்று நினைப்பவர்கள் கல்கத்தாவுக்குப் போய்வர வேண்டும். வங்காளியில் படர்க்கைச் சொல்லில் ஆண், பெண் பேதமே இல்லை. போனது அண்ணனா தங்கையா என்பது வாக்கியத்தில் தெரியாது. மலையாளத்தில் அவன், அவள் உண்டு. வினைச்சொல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. தெலுங்கில் வேறு கூத்து: ஒருமையில் பெண்ணுக்கும் மாட்டுக்கும் வினைமுற்று ஒன்று. இந்தியிலோ படர்க்கையில் பேதம் இல்லை, ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போதே வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். 'போகிறேன்' என்று சொல்ல ஆணுக்கு 'ஜாத்தா', பெண்ணுக்கு 'ஜாத்தீ'. வட இந்திய ஹிஜ்ராக்கள் இடத்துக்கு ஏற்ப இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசுவதை மொழியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, இந்தியாவில் ஒவ்வொரு மொழியும் ஆண், பெண் என்ற கோட்டை வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறது. ரயிலில் ஒரு இரவு பயணம் செய்தால் கோடு இடம் மாறிவிடுகிறது.

தமிழுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 'அவர் வந்தார்' என்றால் வேலை முடிந்தது. ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. ஆனால் அந்த 'ர்' விகுதியைத் தமிழர்கள் சும்மா தருவதில்லை. கலெக்டருக்கு உண்டு, ரிக்‌ஷாக்காரருக்குக் கிடையாது. திருநங்கை ஒருவர் கடைவீதியில் வந்தால் அவன், அவள் என்ற தடுமாற்றம்கூட இல்லாமல் நேராக 'அது வருது பார்' என்று அஃறிணைக்கே போய்விடுகிறார்கள். இவர்களுக்குத் தொல்காப்பியர் பரவாயில்லை. ஆண் தன்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு என்று தனி விகுதி கிடையாது, உயர்திணைக்குரிய விகுதியையே கொண்டு முடியும் என்று சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இலக்கணம் வகுத்துவிட்டார். அதே சூத்திரத்தில், அதே விதியோடு, அவர் உடன் சேர்த்திருப்பது தெய்வத்தின் பெயரை.

வசவுச் சொற்கள் எண்களைக்கூட விட்டுவைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்பது என்ற எண்ணைக் கேட்டாலே பையன்கள் சிரிப்பார்கள். இந்தி பேசும் மாநிலங்களில் ஆறு. மட்டையாளர் பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடித்தால் அரங்கமே எழுந்து கத்தும் 'சக்கா' என்ற சொல்லைத்தான் தெருவில் ஒருவரைக் கூனிக் குறுக வைக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

பெயர் மாற்றம் இன்னும் எளிதான சமாச்சாரம். 1995-ல் பம்பாய் மும்பை ஆனது. 1996-ல் மெட்ராஸ் சென்னை. 2001-ல் கல்கத்தா கொல்கத்தா. 2014-ல் பெங்களூர் பெங்களூரு. ஆரம்பத்தில் எல்லோருக்கும் வாய் தவறியது. தவறியவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திச் சொன்னார்கள், பேச்சு தொடர்ந்தது. யாரும் 'என் காலத்தில் அது பம்பாய், நான் பம்பாய் என்றுதான் சொல்வேன், என் பேச்சுரிமை' என்று பெரிதாகச் சண்டைக்கு நிற்கவில்லை. நின்ற சிலரையும் மும்பை கண்டுகொள்ளவில்லை. பழைய ஆவணங்களில் பழைய பெயர் இருப்பதால் குடி முழுகிவிடவும் இல்லை. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சென்னையில்தான் இயங்குகிறது. ஆனால் பட்டச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு பெயரும் வைத்திருக்கும் திருநங்கை வேலை கேட்டுப் போனால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதற்குள் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இந்த ஒப்புமைக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பம்பாய் என்று அழைத்தால் அந்த நகரம் வீட்டுக்குப் போய் அழுவதில்லை.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், மூன்று நான்கு வெவ்வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டுவது. தன்னை யாராக உணர்கிறார் என்பது ஒன்று. யார்மீது ஈர்ப்பு என்பது வேறு. என்ன உடுத்துகிறார், எப்படி நடக்கிறார் என்பது மூன்றாவது. இதைப் புரியவைக்கக் கிரிக்கெட் போதும். சௌரவ் கங்குலி இடது கையால் மட்டை பிடித்தார், வலது கையால் பந்து வீசினார். டெண்டுல்கர் ஆடுவதும் வீசுவதும் வலது கையால், கையெழுத்துப் போடுவது இடது கையால். பேனாவைப் பார்த்து மட்டையை ஊகிக்க முடியாது. கங்குலி பந்து வீசுவதைப் பார்த்துவிட்டு 'இவர் வலது கை ஆட்டக்காரர்' என்று எதிரணித் தலைவர் ஃபீல்டிங் வைத்திருந்தால் பந்து ஆஃப் சைடில் பறந்திருக்கும். அதுபோல, நளினமாக நடக்கும் ஆண் எல்லாரும் திருநங்கை அல்ல. திருநங்கை என்றால் ஆண்மீதுதான் ஈர்ப்பு இருக்க வேண்டும் என்றும் இல்லை.

இடது கைப் பழக்கம் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. இடது கையால் எழுதிய குழந்தையின் விரல் முட்டியில் அடிக்காத ஆசிரியர் ஒரு காலத்தில் அபூர்வம். அடி வாங்கியவர்களில் பலர் வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டார்கள்தான். அதனால் அவர்கள் வலது கைக்காரர்கள் ஆகிவிடவில்லை. அடியை நிறுத்திய பிறகு இடது கைக்காரர்கள் பெருகிவிட்டதுபோலத் தோன்றியது. பெருகவில்லை, ஒளிவதை நிறுத்தினார்கள். பால் அடையாளத்தை 'இப்போது திடீரென்று கிளம்பியிருக்கும் மோஸ்தர்' என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

'மூன்றாம் பாலினம்' என்ற சொல்லும் ஒரு பெரிய மூட்டைதான். ஹிஜ்ராக்கள் குரு, சேலா உறவுகளோடு கரானா என்ற வீட்டுமுறையில் வாழும் ஒரு சமூகம். சங்கீதத்திலும் கரானா உண்டு. பாடத் தெரிந்த எல்லோரும் கரானாவைச் சேர்ந்தவர்கள் அல்ல; பெண்ணாக உணரும் எல்லோரும் ஹிஜ்ராவும் அல்ல. கர்நாடகத்தில் எல்லம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஜோகப்பாக்கள், மணிப்பூரில் நுபி மான்பிகள், தமிழ்நாட்டில் திருநங்கைகள் என்று ஊருக்கு ஊர் பெயரும் வாழ்க்கையும் வேறு. பலருக்கு மூன்றாவது கட்டமே வேண்டாம். 'பெண்' என்ற கட்டம் போதும் என்கிறார்கள். பெண்ணாகப் பிறந்ததாக எழுதப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளைப் பற்றி இந்தச் சமூகம் பேசுவதே இல்லை. கைதட்டிக் காசு கேட்காததால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. சினிமாவும் அவர்களை விட்டுவிட்டது. திருநங்கைகளைச் சினிமா என்ன செய்தது என்று பார்த்தால், அவர்களை விட்டதே நல்லது என்றும் தோன்றும்.

கட்டம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரம் சாட்சி. அங்கே பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவிக்கு ஹிஜ்ரா சமூகத்தைச் சேர்ந்த கமலா ஜான் நின்று ஜெயித்தார். வாக்காளர்களுக்கு ஆட்சேபம் இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அவர் ஆண், எனவே பெண்களுக்கான இடத்தில் நிற்க முடியாது என்று தேர்தல் ரத்தானது. 2003-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஊர் முழுவதும் பெண்பெயரால் அழைத்த ஒருவரைச் சட்டம் மட்டும் ஆண் என்றது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் 'நால்சா' தீர்ப்பு இந்த அணுகுமுறையைப் புரட்டிப் போட்டது. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் அடங்கிய பெஞ்ச், தன் பாலினம் எது என்பதை முடிவு செய்வது அந்த நபரின் உரிமை, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. தாய்மொழி விஷயத்தில் கணக்கெடுப்பாளர் செய்வதைத்தான் நீதிமன்றம் சொன்னது. 2015 ஜனவரியில் சத்தீஸ்கரின் ராய்கட் நகர வாக்காளர்கள் மது கின்னர் என்ற சுயேச்சையை மேயராக்கினார்கள். கட்னியிலிருந்து ராய்கட்டுக்கு வர ஒரு மாமாங்கம் ஆயிற்று.

பிறகு நாடாளுமன்றம் 2019-ல் சட்டம் இயற்றியது. தானாக உணரும் பாலின அடையாளத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு பிரிவில் சொல்லிவிட்டு, அடுத்த பிரிவுகளில் மாவட்ட நடுவரிடம், அதாவது கலெக்டரிடம், சான்றிதழ் வாங்கி வரச் சொன்னது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்றால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனைச் சான்று. தாய்மொழி தமிழ் என்று கலெக்டர் கையெழுத்துப் போட்ட பிறகே ஒருவர் தமிழ் பேசலாம் என்பதுபோல. அந்தச் சட்டம் நிறைவேறிய வடிவில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. திருநர் ஒருவரைப் பாலியல் கொடுமை செய்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. பெண்ணைப் பலாத்காரம் செய்தவனுக்கு அந்தச் சமயத்தில் குறைந்தபட்ச தண்டனையே 10 ஆண்டு. உடலுக்கு உடல் விலை மாறியது. சமூகத்தினர் தெருவில் இறங்கிப் போராடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியல் போட்டு, பதிவு செய்து, சான்று கேட்கும் பழக்கம் அரசுக்குப் புதிதல்ல. 1871-ல் பிரிட்டிஷார் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இவர்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. பெயர்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெண் உடையில், நகை அணிந்து பொது இடத்தில் தோன்றினால் கைது செய்யலாம். பொது இடத்தில் ஆடினாலும் பாடினாலும் கைது. இன்றைய பதிவேடு நலத்திட்டத்துக்காகத்தான். ஆனாலும் பதிவேடு என்ற சொல்லைக் கேட்டதும் பழைய தலைமுறை தயங்கினால் அதில் ஆச்சரியம் இல்லை.

வேலை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நல்ல மனசுக்காரர்களின் நம்பிக்கை. 2017-ல் கொச்சி மெட்ரோ ரயில் திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில வாரங்களிலேயே அவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். காரணம் சம்பளமோ பயணிகளோ அல்ல. ஊரில் யாரும் வீடு வாடகைக்குத் தரவில்லை. லாட்ஜில் தங்கி வேலைக்குப் போனால் சம்பளம் அதற்கே சரியாகிவிட்டது. தமிழ்நாட்டில் பிரித்திகா யாஷினி காவல்துறை உதவி ஆய்வாளர் ஆவதற்கு 2015-ல் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்ட காரணம் மீண்டும் அதே பழைய கதைதான்: படிவத்தில் அவருக்கான கட்டம் இல்லை. 2017-ல் அவர் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார்.

அடிப்படை பள்ளியில் இருக்கிறது. ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை. ஆண்கள் கழிப்பறை, பெண்கள் கழிப்பறை. இரண்டு பக்கமும் போக முடியாத பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும். பிறகு ஒருநாள் பள்ளிக்கே வராது. ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லித்தர என்.சி.ஈ.ஆர்.டி. 2021-ல் ஒரு கையேடு தயாரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது.

அதே 2021-ல் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் வேறொன்று நடந்தது. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் பெற்றோரிடமிருந்தும் போலீசாரிடமிருந்தும் பாதுகாப்பு கேட்டு வந்தார்கள். வழக்கு பால் அடையாளத்தைப் பற்றியது அல்ல, ஈர்ப்பைப் பற்றியது. ஆனால் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய தெளிவு இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மனநல நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகுதான் எழுதினார். ஜூன் 7 அன்று வந்த அந்த உத்தரவு போலீஸ், பள்ளி, சிறை, மருத்துவமனை என்று எல்லா இடத்துக்கும் வழிகாட்டுதல் தந்தது. 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் மருத்துவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மரியாதையான சொற்களின் பட்டியல் வேண்டும் என்று நீதிமன்றம் தொடர்ந்து வலியுறுத்தியதில் 2022-ல் தமிழ்நாடு அரசு அரசிதழில் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது.

அந்தப் பெண்களின் பெற்றோரையும் நீதிபதி அதே போல நிபுணரிடம் அனுப்பியிருந்தார். அவர்களுக்கு ஊர் என்ன சொல்லும் என்ற கவலைதான் கடைசிவரை பெரிதாக இருந்தது.